ஊர்வலம் கடக்கும்வரை

கான்ஸ்டபிள் உயர்த்திய கை கீழே இறங்கவில்லை. ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னலில் விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெயிலில் நின்றார். முதல் வண்டியாக நின்ற பொன்மதி பஸ்ஸின் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி கதிரேசன், சரி, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான். மாட்டிக்கொண்டோம் என்பதும் சரியான வார்த்தை இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்பது ஐம்பதுக்கு எடுத்த வண்டி, பத்து இருபதுக்கெல்லாம் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். ஊர்வலம் பத்து மணிக்குக் கிளம்பும் என்று யாமினி அக்கா சொல்லியிருந்தாள், பத்து மணி என்றால் பத்தேகால், இந்த முனைக்கு வர இன்னொரு பத்து நிமிஷம், ஆகவே அதன் தலைகூடக் கண்ணில் படாமல் தாண்டிப் போய்விடலாம் என்று நேற்றே மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தான். பாலக்கரையில் ஒரு கல்யாணக் கூட்டம் சீர்த்தட்டுகளோடு ஏறியது, அதில் நாலு நிமிஷம் போயிற்று. ஆனால் நாலு நிமிஷத்தைப் பிடிக்கத் தெரியாதவனா அவன்? இந்தப் பாதையில் ஆறு வருஷமாக ஓட்டுகிறான். மேலப்புதூர் பாலத்தடியில் இரண்டு ஆட்டோவுக்கு நடுவில் கண்ணாடி உரசாமல் வண்டியை நுழைத்து எடுக்கிறவன் என்று மற்ற டிரைவர்களே சொல்வார்கள். இன்றைக்கு மட்டும் வலது கால் அழுத்த மறுத்தது. பின்னால் வந்த பஸ் முந்திக்கொண்டு ஏறிப் போனபோது ஒதுங்கி வழிவிட்டான். கண்டக்டர் பெனடிக்ட் பின்படியிலிருந்து, "என்ன மாப்ள, இன்னைக்கு மாட்டு வண்டி ஓட்டுற" என்று கேட்டான். கால் தன்பாட்டுக்கு எதையோ தீர்மானித்துக்கொண்டு இங்கே, இந்த முனையில், இந்த நேரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டதோ. அப்படியெல்லாம் கால் தீர்மானிக்குமா. வலது பக்கச் சாலையின் கடைசியில், புளியமரத்து நிழலைத் தாண்டி, பல நிறத் துணி ஒன்று அசைந்து வந்தது. பறைச் சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை, ஸ்டியரிங்கில் வைத்திருந்த உள்ளங்கைக்குத்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமைதான் போன் வந்தது. "சனிக்கிழமை ஊர்வலம்டா. கவர்மென்ட் வேலையில நமக்குன்னு தனி ஒதுக்கீடு கேக்குறோம். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடை. திருநங்கைங்களோட திருநம்பிப் பசங்களும் வர்றாங்க. நீ வரியா?" என்றாள் யாமினி அக்கா. "டூட்டி இருக்குக்கா." "சரிடா. டூட்டியப் பாரு." அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். அந்த 'சரிடா'வில் கோபம் இருந்ததா என்று நாலு நாளாக அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறான். இல்லை. வருத்தம்? அதுவும் இல்லை. கடைக்குப் போன பிள்ளை கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்று வந்து சொன்னால் சொல்கிற சரிடா அது. ஏன்டா வர மாட்டே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவனும் பதிலுக்குக் கொஞ்சம் கத்தியிருக்கலாம், எனக்கு வேலை இருக்கு, குடும்பம் இருக்கு, நாலு பேருக்கு நடுவுல ஆம்பளையா நின்னு ஓட்டிக்கிட்டு இருக்கேன், டிவிக்காரன் கேமராவத் தூக்கிக்கிட்டு வருவான், எனக்கு எதுக்கு என்று. அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. லீவு கேட்டால் ஓனர் கொடுத்திருப்பார். ஆறு வருஷத்தில் இவன் போட்ட லீவை இரண்டு கை விரலுக்குள் சொல்லிவிடலாம். காலையில் பூங்கோதை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: "போகணும்னா போங்க. போகலைன்னா விடுங்க. போகாம இருந்துக்கிட்டு அதையே நெனச்சு வண்டி மட்டும் ஓட்டாதீங்க, நாப்பது உசுரு உள்ள இருக்கு." கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் இவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "அவ்வளவுதானே" என்றவள் அவள். நாப்பது உசுரு. இப்போது அறுபது இருக்கும், சீர்த்தட்டுகளையும் சேர்த்து.

எஞ்சின் பானட்டின் சூடு இடது முழங்காலில் ஏறியது. வண்டி ஓடும்போது தெரியாத சூடு, நின்றால் உடனே வந்துவிடும். சட்டைக்குள் வியர்வை இறங்கி, மார்பின் குறுக்கே இரண்டு பக்கமும் இருக்கும் தழும்புகளில் தேங்கி அரித்தது. யாரும் பார்க்காதபோது பெருவிரலால் சட்டைக்கு மேலேயே நீவிவிட்டுக்கொள்வான், ஒன்பது வருஷப் பழக்கம். அதற்கு முன்னால் அந்த இடத்தில் இறுக்கிக் கட்டிய துணி இருந்தது. அரிசி மில் லாரியில் கிளீனராக மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து போன நாட்களில், மூச்சை முழுசாக இழுக்க முடியாமல் பாதி பாதியாக இழுத்தே பழகிப்போனான். மண்ணச்சநல்லூரில் அந்த லாரியில்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டான். வீட்டில் அப்போதும் வேறொரு பெயரில் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் இப்போது யார் வாயிலாவது வந்தால்கூட, அது யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்றுதான் தோன்றுகிறது. பத்தொன்பது வயதில் ஒரு பையோடு உறையூரில் யாமினி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றபோது அவள் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத்தன வருஷத்துல இங்க வந்ததெல்லாம் பொண்ணா ஆகணும்னு ஓடியாந்த புள்ளைங்க. நீ என்னடா எதிர்ப்பக்கத்துலேருந்து ஓடியாந்து மோதுற" என்று சிரித்தாள். சிரித்த வாயோடு உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். சென்னையில் ஆபரேஷன் நடந்தபோது ஒன்பது நாள் கட்டில் காலடியில் பாய் விரித்துப் படுத்தாள். எந்த வார்டில் இவனைப் போடுவது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் குழம்பி நின்றபோது, "பேஷண்ட் பேரு கதிரேசன். கதிரேசன எந்த வார்டுல போடுவீங்களோ அங்க போடுங்க" என்று வராண்டா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஹெவி லைசன்ஸ் டெஸ்டில் ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஒரு சாண்கூட உருளவில்லை. இறங்கி வந்ததும் அவளுக்குத்தான் முதல் போன். அப்படிப்பட்டவளிடம் டூட்டி இருக்கு என்றவன், அந்த டூட்டியோடு அவள் வரும் வழியிலேயே வந்து நிற்கிறான்.

ஊர்வலம் முனைக்கு வந்துவிட்டது. முன்னால் பறை அடிப்பவர்கள் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் சாலையை அடைத்த பேனர், அதற்குப் பின்னால் இவன் நினைத்ததைவிடப் பெரிய கூட்டம். ஐம்பது பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தான். ஐந்நூறு இருக்கும். பட்டுப்புடவை கட்டி, மல்லிகை வைத்து, கல்யாணத்துக்கு வந்த மாதிரி சிலர். வேலைக்குப் போகிற வழியில் வந்த மாதிரி கைப்பையும் அடையாள அட்டையுமாகச் சிலர். நர்ஸ் உடுப்பில் ஒருத்தி. கறுப்புக் கோட்டில் ஒருத்தி, வெயிலில் அந்தக் கோட்டைக் கழற்றாமல் வந்தாள். கழற்றாமல் இருப்பதுதான் அவள் போடும் கோஷம் என்று தோன்றியது. "பிச்சையில்ல, கருணையில்ல" என்று மைக்கில் ஒரு குரல் கேட்க, "வேலை கேட்டு வந்திருக்கோம்" என்று கூட்டம் முடித்தது. பிச்சையில்ல, கருணையில்ல. டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது போடும் தாளம் அதனோடு ஒட்டிக்கொண்டது. வேலை கேட்டு வந்திருக்கோம். ஸ்டியரிங்கில் ஆள்காட்டி விரல் தட்டுவதைக் கவனித்து நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடி தட்டிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் எக்ஸ்ரே கவரை மடியில் நிறுத்திவைத்திருந்தவர், "எனக்குப் பதினோரு மணிக்கு டாக்டரப் பாக்கணும். இவங்களுக்கெல்லாம் எதுக்குங்க ஊர்வலம்? குடுக்குறதெல்லாம்தான் குடுக்குறாங்களே" என்றார். அவருக்கு எதிரே சீர்த்தட்டை மடியில் வைத்திருந்த பெண், "என்ன குடுத்தாங்கன்னு சொல்லுங்களேன்" என்றாள். "நமக்குத் தெரியுமா. எதாச்சும் குடுத்திருப்பாங்க" என்றார். "எங்க தெருவுல ஒண்ணு பி.காம். படிச்சிருக்கு. எட்டு எடத்துல இன்டர்வியூ போச்சு. உள்ள வர்றப்பவே மூஞ்சியப் பாத்துட்டு சொல்லி அனுப்புறோம்னுட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டில் சரிந்த தேங்காயை நிமிர்த்தி வைத்தாள். கதிரேசனுக்கு அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கண்ணாடியில் பார்த்தான். நாற்பது வயதிருக்கும், ஊதா நிறப் புடவை, முகத்தில் எந்தப் பெருந்தன்மையும் இல்லை. தெருவில் நடந்ததைச் சொல்கிற முகம், அவ்வளவுதான்.

பெனடிக்ட் டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து பானட் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்று வேடிக்கை பார்த்தான். அப்போதுதான் அந்தப் பையன்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டையில் பத்துப் பன்னிரண்டு பேர், 'திருநம்பிகள்' என்று எழுதிய பலகையோடு. ஒருவனுக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தான். கதிரேசன் சிரித்துவிட்டான், தானும் ஒரு வருஷம் அப்படித்தான் தொட்டுக்கொண்டிருந்தான். "இந்த ஆம்பளப் பசங்க யாரு, தொணைக்கு வந்தவங்களா?" என்றார் எக்ஸ்ரேக்காரர். "இல்லைங்க. பொண்ணாப் பொறந்து ஆணா இருக்குறவங்க. பலகையில இருக்கு பாருங்க" என்றான் பெனடிக்ட். "பாத்தா தெரியலயே." "எப்படித் தெரியும்? நம்ம பக்கத்துலயே ஒக்காந்திருந்தாலும் தெரியாது." பக்கத்துலயே ஒக்காந்திருந்தாலும். கதிரேசனின் கழுத்துக்குப் பின்னால் வியர்வை குளிர்ந்தது. எதற்கு அப்படிச் சொன்னான்? பக்கத்துலயே என்றபோது கண் எங்கே பார்த்தது? கண்ணாடியில் அவன் முகம் தெரியவில்லை, தோள்பட்டை மட்டும் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் சேர்ந்து ஒதுங்கப் போகும்போது இவன் மட்டும் எப்போதும் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய கழிப்பறையைத் தேடிப் போவதைக் கவனித்திருக்கிறானோ. வேளாங்கண்ணிக்குப் போனபோது கடலில் குளிக்கச் சட்டையைக் கழற்றாமல் கரையிலேயே துணிகளுக்குக் காவல் இருந்ததை. இல்லை, அது வெறும் பேச்சு. வெறும் பேச்சாகவும் இருக்கலாம். ஆறு வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம், அவன் பொண்ணு பூப்பு நீராட்டுக்கு இவன்தான் பந்தல் வேலைக்கு நின்றான், அவனைப் பார்த்து இப்போது கழுத்து குளிருகிறது, இதென்ன பிழைப்பு என்று தோன்றியது. பயம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தில் யாரும் இல்லாததைப் பார்த்து, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பியது. பத்தொன்பது வயதில் இதே ஊரில் ஒரு ஊர்வலத்தில் நடந்திருக்கிறான். மொத்தம் இருபத்திரண்டு பேர். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தான். பின்னால் வந்த ஒரு பஸ் டிரைவர் முனையிலிருந்து முனைவரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த டிரைவரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது, அதில் வெறுப்பு இல்லை, அவசரம்தான். எதற்கான ஊர்வலம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. இவன் இன்னும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அடிக்காமல் இருப்பது ஒரு காரியமா? அந்த மீசைப் பையன் கைக்குட்டை கட்டவில்லை. கட்ட வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது.

யாமினி அக்கா கிட்டத்தட்டக் கடைசியில் வந்தாள். அவள் எப்போதும் கடைசியில்தான் வருவாள், நடக்க முடியாதவர்கள், வெயில் தாங்காதவர்கள், செருப்பு அறுந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் சேர்வார்கள் என்பாள். பச்சைக் காட்டன் புடவை, முன்தலை நரைத்திருந்தது, போன பொங்கலுக்குப் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். ஒரு கையில் வேறொருத்தியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். பஸ்ஸுக்கு நேர் முன்னால் வந்ததும் நிமிர்ந்தாள். பொன்மதி என்று எழுதியிருப்பதைப் பார்த்தாள். கண் கண்ணாடிக்கு இறங்கியது, இவன் மேல் ஒரு நொடி நின்றது, பிறகு இவனைத் தாண்டி, பஸ்ஸுக்குள் இருக்கும் யாரையோ பார்க்கிற மாதிரி, யாருமில்லாததைப் பார்க்கிற மாதிரி நகர்ந்துபோனது. தெரியாத டிரைவர். ஏதோ ஒரு பஸ். அவள் முகத்தில் ஒரு தசைகூட மாறவில்லை, அவ்வளவு சுத்தமாகச் செய்தாள். எத்தனை பேருக்காக எத்தனை தெருக்களில் இதைச் செய்து பழகியிருப்பாள். துணிக்கடையில், கோயிலில், கல்யாண மண்டபத்தில், தன் கையால் சோறு தின்றவர்களைத் தெரியாதவர்களாகக் கடந்து, அவர்கள் பிழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்து. நாலு நாளாகப் புரட்டிப் பார்த்த அந்த 'சரிடா' என்னவென்று கதிரேசனுக்கு இப்போது தெரிந்தது. கோபமுமில்லை, வருத்தமுமில்லை. அது ஒரு கதவு, இவன் உள்ளே பத்திரமாக இருப்பதற்காக அவள் வெளியிலிருந்து சாத்திய கதவு. மூச்சு பாதியில் நின்றது. பிறகு அவனே எதிர்பாராதபடி அது முழுசாக உள்ளே போனது. பயந்துகொண்டிருந்த இடத்தைத் தேடிப் பார்த்தான், அங்கே கோபம் இருந்தது, தன் மேலும் இல்லை, அவள் மேலும் இல்லை, அவளை இப்படிப் பார்க்கப் பழக்கிவைத்த எல்லாவற்றின் மேலும். ஜன்னலில் முழங்கையை ஊன்றித் தலையை வெளியே நீட்டினான். "யாமினி அக்கா."

அவள் நடந்துகொண்டே இருந்தாள். கேட்காத மாதிரி. "அக்கா, இங்க. நான்தான், கதிரேசன்." இப்போது நின்றாள். திரும்பி, கூடவே சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள், யார் யார் பார்க்கிறார்கள் என்று. எல்லோரும்தான் பார்த்தார்கள். கான்ஸ்டபிளும் பார்த்தார். அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து தாழ்ந்த குரலில், "டூட்டியில இருக்கடா" என்றாள், இவனுக்கு நினைவுபடுத்துகிற மாதிரி. "டூட்டியிலதான்க்கா இருக்கேன். அதுக்கு உன்னப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி ஒக்காந்திருக்கணுமா?" அவள் முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்தாள். "சாப்டியா?" என்றாள் கடைசியில். "சாப்ட்டேன். நீதான் இளைச்சுட்ட. ஞாயித்துக்கிழம பூங்கோதையக் கூட்டிக்கிட்டு வர்றேன்." "வாடா. மீன் வாங்கி வைக்கிறேன்" என்றவள், எட்டி அவன் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கைப்பிடித்து வந்தவளை நடத்திக்கொண்டு கூட்டத்தின் வாலைப் பிடிக்கப் போனாள். நடை முன்னைவிட வேகமாக இருந்தது.

"யாரு மாப்ள?" என்றான் பெனடிக்ட். "எங்க அக்கா." "கூடப் பொறந்ததா?" இங்கே ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல வழி அது, நேராக, மேடுபள்ளம் இல்லாமல். "இல்ல. என்னை ஆளாக்கிவிட்டவங்க. அந்த வெள்ளச் சட்டைப் பசங்க போனாங்கள்ல, பலகை புடிச்சுக்கிட்டு. நானும் அதுதான்" என்றான் கதிரேசன். திரும்பாமல், கண்ணாடியைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி, வாகாக வந்த குரலில். எக்ஸ்ரே கவர் ஒருமுறை சலசலத்தது. பெனடிக்ட் கம்பியை விடாமல் நின்றான். "நெசமாவா?" என்றான். "நெசமாத்தான்." "ஆறு வருஷமாச்சு." "ஆமா." "ஒரு வார்த்த சொல்லல நீ." "பயம் மாப்ள." "எம்மேலயா?" கதிரேசன் அதற்கு என்ன சொல்வதென்று தேடினான், எல்லார் மேலும் என்பதா, இல்லை என்பதா, உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. அதற்குள் கான்ஸ்டபிளின் கை இறங்கி, வா வா என்று அசைந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பெனடிக்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்படிக்குப் போனான்.

கண்டக்டர் விசில் கொடுக்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டான். கதிரேசன் கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். கண்ணாடியில் பார்த்தால் பெனடிக்ட்டின் முகம் தெரியும், பார்க்கவில்லை. நாளைக்கு இந்நேரம் சத்திரம் ஸ்டாண்ட் முழுக்கத் தெரிந்திருக்கும். டீக்கடையில் ஒருவன் எதையாவது சொல்வான், இன்னொருவன் சிரிப்பான். ஓனர் கூப்பிட்டு அனுப்பலாம். அனுப்பட்டும். லைசன்ஸ் இவன் பெயரில் இருக்கிறது, ஆறு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை, கேட்டால் எடுத்து மேஜையில் வைப்பான். விசில் வர மூன்று நொடி ஆகியிருக்கலாம். வந்தது, இரண்டு முறை, தினமும் வருகிற மாதிரியே. வண்டி முனையில் நேராகப் போனது. ஊர்வலமும் அதே சாலையில்தான் திரும்பியிருந்தது, பச்சைப் புடவையின் முதுகு இருபதடி முன்னால் போனது. வலப்பக்கம் ஒரு வண்டி நுழைகிற அளவு இடம் இருந்தது, இவன் அதில் நுழைக்கவில்லை. "அதான் சந்து கெடக்கே, ஏறிப் போப்பா. எனக்கு நேரமாகுது" என்றார் எக்ஸ்ரேக்காரர். இவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து பெனடிக்ட்டின் குரல் வந்தது, எப்போதும் ஸ்டாப் பெயர் கூவுகிற அதே கட்டைக் குரல்.

"டிரைவரோட ஜனங்க முன்னாடி போறாங்க. ஒதுக்கித் தள்ளிட்டா போக முடியும்? ஒக்காருங்க சார், அவங்க மொதல்ல போகட்டும்."